மெதுவான இணைப்பும் மென்பொருள் புதுப்பிப்பும்

நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றில், இணைய வேகம் போதாமையால் கணினியின் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருக்கக் காண்கிறோம். இது சிக்கனமன்று, ஆபத்து.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாகிரை' என்னும் தீநிரல், பல நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் பெறாதிருந்த கணினிகளே அகப்பட்டன.

அங்ஙனமாயின் வழி யாது? நூலைத் தறிக்குத் தறி தனியே வாங்காமல் சங்கத்தின் மூலம் ஒருங்கே வாங்குகிறோமல்லவா? அம்முறையே இங்கும் பொருந்தும். விண்டோஸ் 11-இல் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்னும் வசதி உண்டு. அதில் அலுவலக வலையிலுள்ள கணினிகளுக்கு மட்டும் அனுமதியளித்தால், ஒன்று இறக்கிய பகுதிகளை மற்றவை அதனிடமிருந்தே பெறலாம். வெளியாருக்கு அனுமதி வேண்டா. இருக்கும் வேகமும் குறையும். வேலை நேரத்தில் பதிவிறக்கத்திற்கு வேக வரம்பும் விதிக்கலாம்.

புதுப்பிக்குமுன் கணக்குகளைத் தனி வட்டில் நகலெடுத்து, அவ்வட்டைக் கழற்றி வைத்தல் அவசியம். பேரேடு அங்கத்தினர் அனைவரின் உடைமை. அதைக் காத்தல் நம் கடமையாகும்.