வழக்கொழிந்த சாயமும் புதுநெறி கண்ட கைவினைஞரும்

கலையில் புதுநெறி தோன்றுமாறு யாது என ஆராய்வார் இரு திறத்தர். முன்னோர் நெறியை முற்றும் துறந்தாலன்றிப் புதுமை பிறவாது என்பர் ஒரு சாரார். முன்னோர் செய்ததை வழுவாது செய்தலே கலை, அதனின் வேறுபட்டது பிழை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் நிரம்பாமையை ஜப்பான் நாட்டுச் சாயக்கலை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு செய்தி நன்கு புலப்படுத்துகின்றது. அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

ஜப்பானியர் அணியும் கிமோனோ என்னும் நெடிய அங்கியை விரித்துத் தொங்கவிட்டால் அது பெரியதொரு சித்திரப் பலகையை ஒக்கும். ஆதலின் அந்நாட்டார் தம் ஓவியத் திறனைத் துணியின்மேற் காட்டுதற்கு அது நல்லிடமாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் அங்குச் சிறந்து விளங்கிய சாயமுறை ஒன்று சுஜிகஹானா எனப்படும். மதுரைச் சுங்கடிச் சேலையை அறிந்தார்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டுண்ட இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்தவழிப் புள்ளிகள் பூத்தாற்போலத் தோன்றும். சுங்கடியில் முடிச்சுப் புள்ளியாகின்றது. சுஜிகஹானாவிலோ, மலர், இலை முதலியவற்றின் வரம்பு நெடுகத் தையல் ஓட்டி, அந்நூலை இழுத்து இறுக்கி, அவ்வடிவம் முழுவதையும் சாயத்தினின்று காத்தனர். பின்னர் அவ்விடத்தே மையால் மெல்லிய கோடுகள் தீட்டினர். சில ஆடைகளிற் பொன் தகட்டையும் ஊசிவேலையையும் சேர்த்தனர். தொயோதோமி ஹிதேயோஷி, தோக்குகாவா இயேயாசு முதலிய பெருந்தலைவர்களோடு தொடர்புடைய இத்தகைய ஆடைகள் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன.

17-ஆம் நூற்றாண்டில் இக்கலை மங்கிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் யூசென் என்னும் வேறொரு முறை பரவியது. அரிசிப் பசையால் கோடு வரைந்து, அக்கோட்டிற்குள் தூரிகையால் சாயம் தீட்டுவது அம்முறை. ஓவியன் நினைத்தவாறெல்லாம் அதில் வரையலாம். இவ்வெளிமை கண்டபின் தையலையும் கட்டையும் நாடுவார் அருகினர். கற்பிப்பாரும் கற்பாரும் இன்றிச் சுஜிகஹானா வழக்கொழிந்தது.

இச்சிகு குபோத்தா என்பார் 1917-இல் டோக்கியோவிற் பிறந்தவர். 14 வயதிற் பள்ளியை விடுத்து, யூசென் கைவினைஞர் ஒருவரிடம் தொழில் பயிலப் புகுந்தார். 20 வயதில் டோக்கியோ நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் பழைய சுஜிகஹானாத் துணியின் சிறு துண்டொன்றைக் கண்டார். அதன் அழகு அவர் உள்ளத்தைப் பிணித்தது. அக்கலையை மீண்டும் உயிர்ப்பித்தலே தம் வாழ்நாட் பணி எனத் துணிந்தார். ஆயினும் எண்ணியதை உடனே செய்யக் காலம் இடந்தரவில்லை. உலகப் போரிற் பட்டாளத்திற் சேர்க்கப்பட்டார். போரின் முடிவில் சோவியத்துப் படையிடம் சிறைப்பட்டுச் சைபீரியாவில் ஆண்டுகள் சில கழித்தார். அக்கடுங்குளிர் நிலத்தில் அவர் கண்ட அந்திவானம் பிற்காலத்தே அவருடைய பட்டாடைகளில் மீளத் தோன்றிற்று. நாடு திரும்பியபின், 1960-களின் தொடக்கத்தில், தாம் கருதிய பணியில் முழுமையாக இறங்கினார்.

அப்பொழுதுதான் பெரிய இடர் எதிர்ப்பட்டது. பழைய சுஜிகஹானா, நெரினுகி என்னும் பட்டுத் துணியிற் செய்யப்பட்டது. பாவில் பசை நீக்காத பட்டு நூலும், ஊடையில் பசை நீக்கிய பட்டு நூலும் அமைய நெய்யப்படுவது அத்துணி. அது மெல்லியதாயினும் விறைப்புடையது; தையலின் இறுக்கத்தை ஏற்று நிற்க வல்லது. அத்துணியை நெய்வார் அக்காலத்தே இலர். துணி இல்லையெனின் அதற்கென அமைந்த முறையும் நில்லாது. பழையதை உள்ளவாறே மீட்டல் இயலாது என்பது தெளிவாயிற்று.

இந்நிலையில் முயற்சியைக் கைவிடுதலும் ஒரு வழி. போலியொன்று செய்து பழையதெனக் காட்டுதலும் ஒரு வழி. குபோத்தா இரண்டையும் கொண்டிலர். தம் காலத்திற் கிடைத்த சுருக்க நெசவுப் பட்டையே எடுத்துக்கொண்டார். இயற்கைச் சாயத்திற்கு மாறாகச் செயற்கைச் சாயத்தைக் கையாண்டார். தைத்து இறுக்குதல், சாயமேற்றுதல், நீராவியால் அதனை நிலைப்பித்தல், அலசுதல், அவிழ்த்தல், மீண்டும் தைத்தல் என ஒரே துணியிற் பன்முறை செய்து, நிறத்தின்மேல் நிறம் படியுமாறு செய்தார். கட்டவிழ்ந்தபின் எஞ்சும் சுருக்கங்களையும் அழகின் உறுப்பாகக் கொண்டார். 1977-இல், தமது 60-ஆம் வயதில், முதன்முறை தம் ஆடைகளைக் காட்சிக்கு வைத்தார். ‘ஒளியின் இன்னிசை’ என்னும் அவருடைய பெருந்தொகுதி 80 கிமோனோக்கள் கொண்டதாகக் கருதப்பட்டது. அவற்றை அருகருகே தொங்கவிட்டால், ஓர் ஆடையின் மலையும் நீரும் வானும் அடுத்த ஆடையில் தொடர்ந்து செல்லும். பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். அது நிறைவுறுமுன் 2003-இல் அவர் காலமானார். பூஜி மலையின் அருகே காவகுச்சி ஏரிக்கரையில் அவர் ஆடைகளுக்கென 1994-இல் அமைந்த காட்சிச்சாலை உள்ளது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கன மூன்று. முதலாவது, தடையே புதுநெறிக்கு வாயிலாயிற்று. நெரினுகித் துணி கிடைத்திருப்பின் குபோத்தா பழையதைத் திறம்படப் படியெடுத்தவராக நின்றிருத்தல் கூடும். இரண்டாவது, பயிற்சியின்றி இது கைகூடவில்லை. இளமையிற் பயின்ற யூசென் தொழிலே நிறங்களை ஆளும் கைத்திறனை அவருக்குத் தந்தது. பழைய கலையை மறக்கச் செய்த முறையே அதனைப் புதுப்பிக்கத் துணைநின்றது வியத்தற்குரியது. மூன்றாவது, அவர் இட்ட பெயர். துணி வேறு, சாயம் வேறு, தோற்றமும் வேறாயின் இதனைச் சுஜிகஹானா என்றல் எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. அதற்கு விடையாகவே அவர் தம் நெறியை ‘இச்சிகு சுஜிகஹானா’ என அழைத்தார் எனக் கொள்ளலாம். தம் பெயரை முன்வைத்தமை தருக்கன்று. பழையோர் செய்தது எது, தாம் செய்தது எது என வரையறுத்த நேர்மையாம். பின்வைத்த பெயரோ பட்ட கடனை மறவாமையைக் காட்டும்.

தமிழ் பயிலும் நமக்கும் இதன்கண் ஒரு பாடம் உண்டு. சான்றோர் செய்யுட்களைக் கற்று, அவை போல்வன இயற்ற விழைவார் நம்முட் பலர். அக்காலத்துச் சொல்வழக்கும் வாழ்க்கையும் இன்று நம் கையில் இல்லை. அவை நெரினுகித் துணியை ஒப்பன. இறந்த சொற்களை அடுக்கிப் பழமை காட்டுதல் போலியாய் முடியும். பழையவற்றால் நமக்கு ஆவதென் எனக் கல்லாது ஒதுக்குதல், அப்பொருட்காட்சிச் சாலைத் துண்டைக் காணாமலே கடந்து செல்வதனோடொக்கும். சொற்சுருக்கமும், காட்சித் தெளிவும், அளவறிந்து நிற்றலும் ஆகிய அவர்தம் தையல் முறையைப் பொறுமையுடன் கற்று, நம் காலத்துத் தமிழாகிய துணியில் அதனை இடுதலே செய்யத்தக்கது. அதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். 20 வயதிற் கண்டதை 60 வயதில் முடித்துக் காட்டிய கைவினைஞர் ஒருவர் உளராதலின், காலம் நீளுமென அஞ்சி நாம் தொடங்காதிருத்தல் தகாது.