கமிஷனும் கீர்த்தியும்

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் ஓவியக் கல்வி முடித்து, பல ஆண்டுகளாகச் சித்திரம் எழுதி வருகிறேன். சென்னையில் ஒரு காலரி, ஒரு வாரத்துச் சுவர் வாடகையைச் செலுத்திவிட்டால் விற்பனைப் பணம் முழுவதும் எனக்கே என்கிறது. மற்றொன்று, வாடகை கேளாமல், விற்பனையில் பாதியைக் கமிஷனாகக் கேட்பதோடு, மூன்றாண்டுகள் வேறெவருக்கும் படம் கொடுக்கலாகாது என்று நிபந்தனையும் விதிக்கிறது. பாதி என்பது கொள்ளையல்லவா?

பதில்: பாதி கேட்பது இத்தொழிலில் பல தேசங்களிலும் உள்ள வழக்கமே. வாடகை வாங்குபவருக்குத் தங்கள் படம் விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். பாதி கேட்பவரோ, அது விலைபோகும்வரை தாமும் வெறுங்கையோடு காத்திருக்கச் சம்மதித்தவராகிறார்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவரான பாரிஸ் ஓவிய வர்த்தகர் பால் துரான்-ரூயெல், 1870இல் மூண்ட பிரஷ்ய யுத்தத்தின் காரணமாக லண்டனில் தங்கியிருந்த காலத்தில் மோனே, பிஸ்ஸாரோ என்னும் ஓவியர் இருவரையும் அறிந்து, பாரிஸ் சலோன் கண்காட்சியின் நடுவர்கள் அடிக்கடி நிராகரித்து வந்த அவர்களுடைய கூட்டத்து ஓவியர்களின் படங்களைச் சொந்த மூலதனம் போட்டு வாங்கலானார். 1872இல் மானேயின் 23 படங்களை 35,000 பிராங்குக்கு வாங்கினார். 1882இல் யூனியன் ஜெனரால் பாங்கி முறிந்தபோது தாமும் முழுகிப்போகும் நிலையை அடைந்தார். அப்படியிருந்தும் மறு ஆண்டே மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, சிஸ்லே ஆகியோருக்குத் தனித்தனியே கண்காட்சி நடத்தினார். கூட்டத்தோடு கூட்டமாகத் தொங்கும் படத்தை ரசிகர் பார்க்கிறார். தனிக் கண்காட்சியிலேதான் சித்திரக்காரரின் பெயரை மனத்தில் வாங்கிக்கொள்கிறார். பிறகு 1886இல் ஏறத்தாழ 300 படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், அமெரிக்கச் செல்வர்கள் வாங்கத் தலைப்பட்ட பின்னரே அவருக்கு மூச்சு வந்தது. முதல் படம் வாங்கியதிலிருந்து கணக்கிட்டால் சுமார் பதினைந்து ஆண்டுகள்! அத்தகையவர் பாதி கேட்டால் அநியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் தங்கள் காலரிக்காரர் துரான்-ரூயெல்தானா என்பதே சந்தேகம். மூன்றாண்டுகளுக்குள் தனிக் கண்காட்சி உண்டா, எந்தெந்தச் சேகரிப்பாளருக்குத் தங்கள் படங்களைக் காட்டுவார், விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், விற்காதவை யார் செலவில் திரும்பும் என்பவற்றையெல்லாம் எழுத்திலே கேளுங்கள். பிறருக்குக் கொடுக்கலாகாது என்னும் நிபந்தனையைச் சென்னைக்கு மட்டும், முதலில் ஓராண்டுக்கு மட்டும் என்று குறுக்கச் சொல்லுங்கள். (துரான்-ரூயெலும் முழு உரிமையை விரும்பியவர்தாம், மோனேயோ அவருடைய போட்டியாளரான ஜார்ஜ் பெத்தியிடமும் படம் வைத்தார், அதனால் மோனேயின் கீர்த்திக்குக் குறைவேதும் நேரவில்லை.) இவ்வளவுக்கும் அவர் முகம் சுளிப்பாராயின், வாடகைக்காரரிடமே போய்விடுங்கள்; அங்கே நஷ்டம் வந்தாலும் ஒரு வாரத்துப் பணத்தோடு போயிற்று.