முதல் தடை ஓட்டம்: வேலூர், ஆம்பூர் பக்கத்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓட வேண்டும், நடுநடுவே சுவர் ஏற வேண்டும், கம்பியில் தொங்கிக் கடக்க வேண்டும், சேற்றில் தவழ வேண்டும், மூட்டை சுமக்க வேண்டும். இதுதான் தடை ஓட்டம். இங்கிலாந்தில் 1987-இல் ‘டஃப் கை’ என்ற பெயரில் தொடங்கிய இந்தக் கூத்து, 2010-இல் அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’, ‘டஃப் மடர்’ இரண்டும் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 2012-இல் ‘டெவில்ஸ் சர்க்யூட்’ வந்தது. 5 கிலோமீட்டர், 15 தடைகள்.

நம் மாவட்டங்களுக்குத் தடை தாண்டுவது புதிதல்ல. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுத்தல்), 9 அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்து போகும் கட்டையில் நடத்தல் எல்லாம் உண்டு. அதற்காக விடியற்காலையில் கிரவுண்டுக்குப் போகும் பையன்களுக்குத் தெரிந்த பயிற்சியில் பாதி உங்களுக்கும் போதும்.

முதலில்: எந்தப் போட்டி?

முதல் முறைக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். நமக்கு வசதியான ஊர்கள் பெங்களூருவும் சென்னையும். தேதியைப் பார்த்து, குறைந்தது பத்து வாரம் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். பணம் கட்டிய பிறகுதான் பயிற்சி ஒழுங்காக நடக்கும் என்பது என் அனுபவ நம்பிக்கை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி இருந்தாலோ, நாற்பதைத் தாண்டியிருந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்றும் கேட்டுவிடுங்கள். சேற்றில் சிராய்ப்பு இல்லாமல் திரும்பியவர் குறைவு.

ஓட்டம்: முதல் நான்கு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். நான்காம் வார முடிவில் 3 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஷிப்ட் முடிந்து மாலையில் ஓடுபவர்கள் பொழுது சாய்ந்த பிறகு கிளம்பலாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாள் ஓட்டத்தை ஏற்றத்துக்கு மாற்றுங்கள். வள்ளிமலைப் படிகள் நல்லவை. திருப்பத்தூர், ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஏலகிரி இருக்கிறது. மங்கலத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறும் காட்டுப்பாதை, 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலையைவிட உகந்தது. தடை ஓட்டம் தார்ச்சாலையில் நடப்பதில்லை. வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும் தொல்லையும் இல்லை.

கை: இங்கேதான் தோற்கிறார்கள்

புதியவர்கள் காலை நம்பிப் போய்க் கையில் விழுகிறார்கள். மங்கி பார், கயிறு, வளையம் எல்லாமே பிடிமானத்தைக் கேட்கும் தடைகள். பீம் எடுக்கும் பலம் இருந்தும் இருபது விநாடி தொங்க முடியாதவர்கள் உண்டு. அக்னிவீர் தேர்வில் 10 பீம் எடுத்தால் 40 மதிப்பெண். உங்களுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தொங்கத் தெரிந்தாக வேண்டும்.

பள்ளி மைதானத்துக் கம்பி போதும். முதல் வாரம் பத்து விநாடி தொங்கி இறங்குங்கள், ஐந்து முறை. வாரத்துக்கு ஐந்து விநாடி கூட்டுங்கள். முப்பது விநாடி வந்ததும் கம்பியில் ஈரத் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குங்கள். போட்டியில் உங்களுக்கு முன்னால் போன நூறு பேரின் சேறு கம்பியில் இருக்கும். காய்ந்த கம்பியில் பழகிய கை அங்கே வழுக்கும். அதன்பின் ஒரு கையை விட்டு மறு கைக்கு மாறப் பழகுங்கள். தோளைத் தளர விடாமல் காதிலிருந்து கீழே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டு வலிக்கும்.

நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு விரல் பலம் ஏற்கெனவே இருக்கும். இறுகிப்போவது இடுப்பும் தோளும். தினமும் பத்து நிமிடம் ஆழமாக உட்கார்ந்து எழுவதும், கையைத் தலைக்கு மேலே நீட்டிச் சாய்வதும் உதவும்.

சுவர், கயிறு, மூட்டை

சுவரில் கையை மட்டும் நம்பாதீர்கள். ஓடிவந்து ஒரு காலால் சுவரை மிதித்து எம்பி, விளிம்பைப் பிடித்து, முழங்கையைப் போட்டு, குதிகாலை மேலே மாட்டினால் உடம்பு தானாகப் புரளும். இறங்கும்போது குதிக்காமல் தொங்கி இறங்குங்கள். கணுக்கால் சுளுக்குவது இறங்கும்போதுதான்.

கயிற்றைப் பாதத்தில் சுற்றிப் பூட்டினால் கால்தான் ஏறும், கை ஓய்வெடுக்கும். போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையங்களில் கேட்டால் ஒரு காலைப்பொழுதில் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூட்டைக்கு வீட்டிலிருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். நிரப்பினால் 20 கிலோ. தோளில் வைத்து 200 மீட்டர் நடந்து, இறக்கி, திரும்ப நடங்கள். எடை தூக்கும் முறை சரியாகத் தெரிய வேண்டுமா, சத்துவாச்சாரிப் பக்கம் போங்கள். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர்தான்.

எங்கே தவழக் கூடாது

பாலாற்று மணல் தவழ்வதற்கு அருமையான இடம் என்று தோன்றும். மணல் காய்ந்திருக்கும் இடத்தில் சரி. தோல் தொழிற்சாலைக் கழிவு வந்து சேரும் ஈரத்தில் இறங்கவே கூடாது. தோல் பதனிடும் குரோமியம் சேர்ந்த நீர் சிராய்த்த முட்டிக்கு ஆகாது. இந்தக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாற்றைச் சீராக்கக் குழு அமைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுப் பக்கத்து நிலத்தில் கயிறு கட்டி அதன் கீழே தவழ்ந்து பழகுங்கள்.

ஷூ

ஊரே உலகத்துக்கு ஷூ செய்கிறது. இதற்கு மட்டும் தோல் ஷூ வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். வலைத்துணி மேல்பாகமும், ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலும் இருந்தால் தண்ணீர் வெளியேறும், சேற்றிலும் பிடிக்கும். புது ஷூவோடு போகாதீர்கள். இரண்டு மூன்று முறை நனைத்து ஓடிப் பாருங்கள். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம்.

முந்தின நாளும் போட்டி நாளும்

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்கள். முந்தின இரவு ஆம்பூர் பிரியாணி கூடாது. அது ஓடி முடித்தவருக்கு உரியது. சோறு, பருப்பு, முட்டை போதும். காலையில் இரண்டு மணி நேரம் முன்பே இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். முந்தின நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது.

முதல் ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓடுங்கள். கூட்டம் இழுக்கும், இழுபடாதீர்கள். சுவரில் தெரியாதவரிடமும் கை கேட்கலாம். இங்கே அது வழக்கம், வெட்கமில்லை. ஒரு தடை முடியவில்லையென்றால் தன்னார்வலரிடம் சொல்லி விலகிப் போங்கள். தலை சுற்றினாலும், வியர்வை நின்றுபோனாலும் அங்கேயே உட்கார்ந்து மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

முடித்ததும் சிராய்ப்புகளைச் சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, புண்ணில் வீக்கமோ வந்தால் சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மறுநாள் படி இறங்குவதே கஷ்டமாக இருக்கும். கம்பெனியில் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.