சின்ஸா, ஃபாரா? இன்டர்வியூவுக்கு முன்னால் அக்கா சொல்வதைக் கேள்

புடவைக்கு மடிப்பு எடுக்கிறாய், சர்டிஃபிகேட்டை ஃபைலில் அடுக்குகிறாய். எதிரே உட்கார்ந்தவர் "எவ்வளவு நாளாக அங்கே வேலை?" என்று கேட்டதும் "ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறாய். ஒரே வரியில் இரண்டு தப்பு, தங்கச்சி. இரண்டையும் இன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

1. சின்ஸுக்குப் பின்னால் ஒரு விஷயம் தொடங்கிய நேரம் வர வேண்டும்: 2021, மண்டே, மார்னிங், மை மேரேஜ். ஃபாருக்குப் பின்னால் கால அளவு வரும்: த்ரீ இயர்ஸ், டூ ஹவர்ஸ், எ லாங் டைம். அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்ட முடிந்தால் சின்ஸ். எத்தனை என்று எண்ண வேண்டியிருந்தால் ஃபார். "சின்ஸ் லாங் டைம்" வேண்டவே வேண்டாம்.

2. அதிகம் சறுக்குவது வினைச்சொல்லில்தான். "2021-லிருந்து வேலை பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதே பழக்கத்தில் "ஐ ஆம் வொர்க்கிங்" என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றும் நடக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் "ஹேவ் பீன்" வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021."

• "நோ" என்கிற வினைக்கு "இங்" ஒட்டாதே. "ஐ ஹேவ் நோன் ஹெர் சின்ஸ் சைல்ட்ஹுட்" என்பதே சரி.

• தொடங்கிய நேரத்தை ஒரு செயலாகச் சொன்னால், அதை இறந்தகாலத்தில் வை: "சின்ஸ் ஐ ஜாயின்ட்." அங்கேயும் ஒரு "ஹேவ்" செருகாதே.

• விட்டுவிட்ட பழைய வேலைக்கு சின்ஸே கிடையாது. "ஐ வொர்க்ட் தேர் ஃப்ரம் 2018 டு 2021." இதைக் குழப்பினால், இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

3. சின்ஸுக்குக் காரணம் சொல்லும் வேலையும் உண்டு. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரில் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று எழுதினோமே, அந்த "ஆஸ்" இருக்கும் இடத்தில் சின்ஸ் போடலாம். ஆனால் போட்ட பிறகு "ஸோ" எதற்கு? "சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், ஸோ ஐ கேம் லேட்" என்று எழுதிய மெயில்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. காரணத்தை ஒரு சொல் காட்டினால் போதும், ஸோவை எடுத்துவிடு. "ஏன் லேட்?" என்று நேராகக் கேட்டால் மட்டும் "பிகாஸ்" என்றே பதில் சொல்லு.

4. இரண்டு அர்த்தம் வரும் இடத்தில் உஷாராக இரு. "சின்ஸ் மை மேனேஜர் லெஃப்ட், ஐ ஹேவ் ஹேண்டில்ட் தி அக்கவுன்ட்ஸ்" என்று எழுதுகிறாய். மேனேஜர் போன நாளிலிருந்தா, போன காரணத்தாலா? படிக்கிறவருக்குத் தெரியாது. காரணம் என்றால் "பிகாஸ்" போடு. காலம் என்றால் "எவர் சின்ஸ்" போடு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடும், சின்ஸைக் காலப் பொருளோடு நிறுத்திக்கொண்டால் குழப்பம் குறையும் என்றுதான் சொல்கிறது. தீசிஸ் எழுதுகிற பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. "சின்ஸ் 2021 ஆன்வர்ட்ஸ்" வேண்டாம். சின்ஸ் என்றாலே அன்று முதல் இன்று வரைதான்.

இலக்கணப் புத்தகம் முழுவதும் படிக்க உனக்கு நேரமில்லை, தெரியும். உன் வேலை, நீ குடியிருக்கும் ஊர், உன் தோழி, இந்த மூன்றைப் பற்றியும் சின்ஸ் வைத்து ஒரு வரி, ஃபார் வைத்து ஒரு வரி எழுது. சமையல் ஆகிக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார். மனசுக்குள் படித்தால் மட்டும் போதாது. இன்டர்வியூவில் வாய்தான் பேச வேண்டும், தங்கச்சி.