வயது வரம்பும் வளரும் வீரரும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று கூறுவர். ஆனால் நம் திண்டுக்கல் பகுதி மானாவாரிக் காடுகளில் சோளத்தோடு துவரையையும் கலந்து விதைக்கும் உழவரைக் கேட்டால், அவர் இன்னொன்றும் சொல்வார். ஒரே மழையில், ஒரே நாளில் விதைத்தாலும் சோளம் மளமளவென்று ஆளுயரம் ஏறிவிடும். துவரையோ அதன் நிழலில் சிறுத்து நிற்கும். சோளத்தை அறுத்த பின்னரே துவரை தழைத்துப் பூக்கும். முளையில் சிறுத்திருந்தது என்பதற்காகத் துவரையைப் பிடுங்கி எறியும் உழவர் எவரும் இலர். விளையாட்டுத் திடலில் மட்டும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும் இளையோர் அணியில் ஒரு பிள்ளையை எந்த வயதுப் பிரிவில் ஆட விடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம்மில் சிலர் நாளை உடற்கல்வி ஆசிரியர் ஆவோம். பலர் இப்போதே ஊர்ச் சிறுவர்களுக்கு மாலை நேரங்களில் ஆட்டம் கற்றுத் தருகிறோம். எனவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

பிரிவுகள் எதற்காக?

1954-இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு மாணவர்களை 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்துப் போட்டிகள் நடத்துகிறது. கபடியில் வயதோடு உடல் எடைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பிடித்து அமுக்கும் ஆட்டத்தில் வயது மட்டும் போதாது என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

இப்பிரிவுகளின் நோக்கத்தைச் சாஃப்ட்பால் ஆட்டம் தெளிவாகக் காட்டும். 1887-இல் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்க விளையாட்டாகத் தொடங்கிய இது, இன்று நம் பள்ளி விளையாட்டுகளிலும் இடம் பெற்றுள்ளது. அமெரிக்காவில் 10 வயதுக்குட்பட்ட சிறுமியர் ஆடும் பந்தின் சுற்றளவு 11 அங்குலம். அதற்கு மேற்பட்டோருக்கு 12 அங்குலம். பந்து வீசும் தூரம் 10 வயதுப் பிரிவில் 35 அடி, 12 வயதுப் பிரிவில் 40 அடி, 14 வயதுப் பிரிவு முதல் 43 அடி.

இவ்வெண்களைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 43 அடியைக் கடக்க ஏறத்தாழ 0.6 விநாடி ஆகும். அதே கை 10 வயதுப் பிரிவிற்குள் நுழைந்து 35 அடியிலிருந்து வீசினால், அரை விநாடிக்குள் பந்து சிறுமியின் முகத்தருகே வந்து நிற்கும். கீழ்ப்பிரிவில் மூத்தவரை ஆட விடுவது விதிமீறல் மட்டுமன்று. எதிரே நிற்கும் பிள்ளையின் பல்லையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

நாட்காட்டி செய்யும் வேலை

ஒரு போட்டியில் வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1 என்று வைத்துக் கொள்வோம். ஜனவரி 2-இல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 31-இல் பிறந்தவனும் விதிப்படி ஒரே வயதினர். உண்மையில் இருவருக்கும் ஓராண்டு இடைவெளி. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு!

கனடா நாட்டு உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி தம் குழுவினருடன் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த நாட்களை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் அணிகளில் மிகுந்தும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தோர் குறைந்தும் காணப்பட்டனர். காரணம் எளிது. சில மாதம் மூத்தவன் சற்றே பெரியவனாகத் தெரிகிறான், தேர்ந்தெடுக்கப்படுகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், அதனால் உண்மையிலேயே சிறந்தவனாகிறான். விடுபட்டவன் வீட்டிற்குப் போய்விடுகிறான். மாதத்தைத் திறமை என்று நாம் தவறாகப் படித்துவிடுகிறோம்.

பிறந்த நாள் ஒன்றாயினும் உடல் ஒன்றாக வளர்வதில்லை. சராசரியாகப் பெண்கள் 12 வயதை ஒட்டியும் ஆண்கள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கின்றனர். ஆனால் சிலருக்கு இது முன்கூட்டியே வரும், சிலருக்குத் தாமதமாகும். இங்கிலாந்தின் காற்பந்துக் கழகங்கள் சில, 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிறந்த ஆண்டை விட்டு உடல் வளர்ச்சி நிலையைக் கொண்டு சிறுவர்களை அணி பிரித்து ஆட விட்டுப் பார்த்தன. துவரையைத் துவரையாகப் பார்க்கும் முயற்சி அது.

காதைத் தொட்ட காலம்

பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த காலத்தில், நம் ஊர்ப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர வரும் பிள்ளையைத் தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் இடம் உண்டு. தொட்ட பிள்ளைக்கு மே, ஜூன் மாதங்களில் ஏதோ ஒரு நாளைப் பிறந்த நாளாக எழுதிக்கொள்வார்கள். அத்தகைய பிறந்த நாளோடு வாழும் பெரியவர்கள் நம் இல்லங்களில் இன்றும் உள்ளனர்.

இன்று அறிவியல் அதே வேலையை நுட்பமாகச் செய்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறது. உலகக் காற்பந்துக் கூட்டமைப்பு 2009-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து காந்த அலை ஸ்கேன் முறையைக் கையாள்கிறது. எனினும் எலும்பு சொல்வது வளர்ச்சியை. பிறந்த நாளை அன்று. விரைந்து வளர்ந்த நேர்மையான சிறுவன் ஒருவனும் அதில் தவறிவிடக்கூடும்.

இவ்வளவு காவலும் ஏன் வந்தது? 1988-இல் 20 வயதுக்குட்பட்டோர் போட்டித் தொடரொன்றில் வயது மிகுந்தவர்களை ஆட விட்டதற்காக மெக்சிகோ தண்டிக்கப்பட்டது. 1990 உலகக் கோப்பையில் அந்நாடு ஆட முடியவில்லை. 2001-இல் அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் தொடரில் நியூயார்க் அணியொன்றின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. 12 வயது என்று ஆடிய பந்து வீச்சாளனுக்கு உண்மையில் 14 வயது.

என் பெட்டியில் ஒரு சான்றிதழ்

அயல்நாட்டுக் கதைகள் எதற்கு? நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் சாஃப்ட்பால் அணி வெளியூர்ப் போட்டிக்குப் புறப்பட்டது. டிசம்பரில் பிறந்தவன் நான், அணியிலேயே குள்ளன். ஆயினும் ஒன்பதாவது ஆளாக என் பெயர் பட்டியலில் இருந்தது. வேன் வந்த காலையில் என்னை இறக்கிவிட்டு, பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவரை ஏற்றிக்கொண்டார்கள். பட்டியலில் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவர் என் பெயரிலேயே ஆடினார். அணி வென்றது.

ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் என் பெயர், என் தந்தை பெயர், என் பிறந்த நாள் எல்லாம் பிழையின்றி இருந்தன. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். நான் மாட்டவில்லை; அது இன்றும் பெட்டியின் அடியில் கிடக்கிறது. பின்னாளில் அந்த அண்ணனைச் சந்தித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நான் நல்லாத்தான் ஆடுனேன், ஆனா எங்கிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஒரு பொய் இருவரின் விளையாட்டையும் தின்றுவிட்டது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, கீழ்ப்பிரிவு என்பது ஒருபோதும் தேர்வுக்குரியதன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம் எனச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வருமுன்னரே நம் மனம் அதற்கு வர வேண்டும்.

இரண்டாவது, தன் வயதுப் பிரிவே இயல்பான இடம். அங்கே பிள்ளை தவறு செய்து கற்கலாம், தலைமை ஏற்கலாம், நண்பர்களோடு வளரலாம்.

மூன்றாவது, மேற்பிரிவுக்கு அனுப்புமுன் சில வினாக்களை எழுப்ப வேண்டும். தன் பிரிவில் கற்க இனி ஒன்றுமில்லை என்பதை ஒரு பருவம் முழுவதும் காட்டியிருக்கிறானா? மேலே போனால் களத்தில் நிற்பானா, ஓரத்தில் உட்கார்ந்திருப்பானா? வளரும் எலும்பின் நுனிகள் அந்தச் சுமையைத் தாங்குமா? வெளியூரில் பதினேழு வயதினரோடு ஒரே கூடத்தில் தங்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் உளர்? எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைக்கு விருப்பம் உண்டா?

சதுரங்கத்தின் கதை வேறு. பிரக்ஞானந்தா 2015-இல் 10 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்று, மறு ஆண்டே, பத்து வயதிலேயே, சர்வதேச மாஸ்டர் ஆனார். பெரியவர்களோடு பலகையில் மோதினால் எலும்பு முறிவதில்லை. உடலால் ஆடும் ஆட்டத்திற்கு அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவரலாகாது.

நான்காவது, சிறுத்திருப்பவனைக் கைவிடலாகாது. பதினாறு வயது வரையேனும் அவனைத் திடலில் வைத்திருப்பது பயிற்சியாளரின் கடமை.

கோப்பைகள் அலமாரியில் மங்கிப்போகும். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள். மாணவ நண்பர்களே, நாளை உங்கள் கையில் ஓர் அணிப் பட்டியல் வரும். ஒன்பதாவது பெயருக்கு உரிய சிறுவன் வேனில் ஏறிவிட்டானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.