மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரின் உடம்பைக் கவனிப்பது எப்படி? புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏன் இந்த வேலை?

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணம் என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பவை மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்றவை. மனநல ஓ.பி.யில் தூக்கத்தையும் குரல் கேட்பதையும் விசாரிப்பார்கள். பொது ஓ.பி.யிலோ பழைய சீட்டைப் பார்த்ததும் நெஞ்சுவலியைக்கூட ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடுவது உண்டு. இந்த இரண்டு ஓ.பி.க்கும் நடுவே ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம்.

முதலில் என்ன?

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஓர் அளவு டேப். முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயரும் அளவும். அடுத்த பக்கத்திலிருந்து தேதி, எடை, இடுப்பளவு, பிரஷர். இடுப்பளவு எடுக்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் டாக்டரிடம் சொல்வோம்.

ஒலான்சபின், க்ளோசபின் எடுப்பவர்களுக்கு முதல் சில மாதங்களில் எடை வேகமாக ஏறும். இரவு பத்து மணிக்குத் தலையணைக்கடியில் காலி பிஸ்கட் பாக்கெட் கிடைத்தால் திட்டாதீர்கள். அந்தப் பசி மாத்திரை தூண்டிய பசி. பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலை, வெள்ளரிக்காய் வாங்கி வையுங்கள்.

எங்கே, எப்போது?

இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வழியாகப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். டவுனுக்குள் ஜி.எச். எங்கே மனநல சிகிச்சை நடக்கிறதோ, அந்த டாக்டரிடமே ஃபாஸ்டிங் சுகர், கொழுப்புப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கும்போது ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எடையை மட்டும் மாதாமாதம்.

ரத்தம் கொடுக்கும் காலையில் டீகூடக் கூடாது. ரத்தம் கொடுத்ததும் சாப்பிட டப்பாவில் இட்லியை எடுத்துப் போய்விடுங்கள். வரிசையில் பசியோடு நிற்பவர் பாதியில் கிளம்பிவிடுவார். ஃபாஸ்டிங் 100 தாண்டினாலே கவனம். 126-ஐத் தொட்டால் மறுபடி பார்த்துச் சர்க்கரையா என்று உறுதிசெய்வார்கள்.

லித்தியம் எடுப்பவருக்குக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அதன் அளவு பார்ப்பார்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் பஸ் காசும் அரைநாள் கூலியும்தான் செலவு. வெளி லேபில் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் தொடங்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாதாமாத மாத்திரை கட்டுப்படியாகாவிட்டால் மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக் விசாரிக்கலாம்.

எச்சரிக்கை

எடை ஏறுகிறதென்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

க்ளோசபினில் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணுக் கணக்கு கட்டாயம். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். குடல் அடைத்து உயிர்போன சம்பவங்கள் உண்டு. பீடி, சிகரெட்டை விடுவது நல்லதுதான், ஆனால் விட்டவுடன் ரத்தத்தில் க்ளோசபின் அளவு ஏறும். டாக்டருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356.

லித்தியம் எடுப்பவர் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. வாந்தி, பேதியோடு கைநடுக்கம், தள்ளாட்டம் என்றால் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

பொது ஓ.பி.யில் பார்க்க மறுத்தால்?

மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. கவுன்டரில் சண்டை வேண்டாம். நோட்டைத் திறந்து, “சார், மூணு நாளா மூச்சு வாங்குது, பிரஷர் இது, மாத்திரை இது. ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்க” என்று சொல்லுங்கள். அதையும் மறுத்தால் மருத்துவக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.