ஏர்சாஃப்ட் துப்பாக்கியைச் செப்பனிடும் இளைஞனுக்கு

பெங்களூர்

அன்புள்ள தம்பிக்கு,

காற்றழுத்தத்தால் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டை ஆடும் நண்பர்கள் தங்கள் மின்சாரத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க உன்னிடம் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், அவற்றுள் பெரும்பாலானவை 'மேகசின் சரியாக உட்காரவில்லை', 'குண்டு மேலே ஏறவில்லை' என்ற இரண்டு குறைகளுடனேயே வருகின்றன என்றும் எழுதி, அரத்தை எந்த இடத்தில் வைத்துத் தேய்ப்பது என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தைச் சொல்வதற்கு முன், அரத்தைக் கையில் எடுக்க வேண்டிய காலம் எது என்பதைச் சொல்வது என் கடமை. எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு, கடைசியில்தான் அதை எடுக்க வேண்டும். ஒட்டிச் சேர்த்ததை உரித்துவிடலாம். தேய்த்துக் குறைத்ததைத் திரும்பக் கொண்டுவர எந்த வித்தையாலும் ஆகாது. நான் இனிச் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு பிரமாணத்தைப் பற்றியே நிற்பது.

தொழில் நுட்பத்துக்கு முன் இரண்டு கட்டாயங்கள். வேலையைத் தொடங்குமுன் மேகசினைக் கழற்று. உள்ளே எஞ்சிய குண்டு வெளியேறும்படி பாதுகாப்பான திசையில் ஓரிரு முறை சுட்டுவிட்டுப் பிறகு பாட்டரியைப் பிரித்து வை. காப்புக் கண்ணாடி அணியாமல் மேசையருகே செல்லாதே. 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் சக்தி ஒரு ஜூல்தான் என்றாலும், கண்ணின் பார்வையைப் போக்க அதுவே போதும். இரண்டாவதாக, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளையும் நீயே படித்து, சந்தேகமுள்ள இடங்களில் வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிந்துகொள். பார்வைக்கு நிஜத் துப்பாக்கியைப் போலவே இருக்கும் பொருளை உறையின்றித் தெருவில் எடுத்துச் செல்லும் மூடத்தனத்தை உன்னிடம் வருவோர் ஒருவரும் செய்யாதபடி எச்சரிப்பதும் உன் தொழிலின் ஒரு பகுதியே.

மேகசினைச் சாமானியமான ஒரு டப்பாவாக எண்ணிவிடாதே. நிஜ ஆயுதங்களின் சரித்திரத்தில் யந்திரங்கள் பல இந்தச் சிறு உறுப்பினாலும் அபகீர்த்தி அடைந்திருக்கின்றன. முதல் உலகப் போரில் பிரெஞ்சுச் சேனை ஏந்திய ஷோஷா என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியின் பிறைவடிவ மேகசினில், எஞ்சிய தோட்டாக்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். பதுங்குகுழியின் சேறு அவ்வழியே புகுந்து ஆயுதத்தையே முடக்கியது. பிரிட்டிஷ் படையின் அவப்பெயர் பெற்ற எஸ்.ஏ.80 துப்பாக்கியை ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டையொட்டித் திருத்தியமைத்தபோது, புதிய மேகசினும் அத்திருத்தத்தில் இடம்பெற்றது. நம் நாட்டிலே இஷாபூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உற்பத்தியான இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள், 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின்போது மலையுச்சிக் குளிரில் விரிசல் கண்டன என்ற செய்தி பரவலாக வெளிவந்தது. ஆகவே குண்டு ஏறாத துப்பாக்கி உன் மேசைக்கு வரும்போது, துப்பாக்கியின் வயிற்றைக் கிழிக்க விரையாமல், மேகசினை முதலில் விசாரணைக்கு உட்படுத்து.

அதற்கு யந்திரத்தின் நடையை மனத்தில் தெளிவாகப் பதித்துக்கொள்ள வேண்டும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பின்னே செல்லும். அதனோடு நாசில் என்னும் காற்றுமுனையும் பின்வாங்கி, குண்டு வரும் வாயைத் திறக்கும். மேகசினின் ஸ்பிரிங் குண்டுவரிசையை மேலே தள்ள, ஒரே ஒரு குண்டு, பின்சுழற்சி தரும் ரப்பர் பொருந்திய ஹாப்-அப் அறைக்குள் ஏறும். நாசில் முன்வந்து அதை ரப்பரில் பொருத்த, பிஸ்டன் தள்ளும் காற்று அதைக் குழலின் வழியே செலுத்தும். வினாடிக்குப் பதினைந்து குண்டு சுடும் துப்பாக்கியில் இத்தனையும் ஒரு வினாடியின் பதினைந்தில் ஒரு பங்கில் நடந்து முடிய, வாய் திறந்திருக்கும் நேரமோ அதிலும் ஒரு பகுதிதான். அந்தக் கணத்துக்குள் வரிசை முழுவதும் ஒரு குண்டின் அளவு உயர்ந்தாக வேண்டும். உராய்வு, தூசி, ஸ்பிரிங்கின் தளர்ச்சி, வாய்க்கும் மேகசினுக்கும் இடையே உள்ள வெளி ஆகிய நான்கில் எது மிகுந்தாலும் காற்று மட்டும் சீறும், குண்டு வராது.

பரிசோதனையின் முதற்படி மாற்றிப் பார்ப்பது. சந்தேகத்துக்குரிய மேகசினைக் குறையற்ற துப்பாக்கியிலும், குறையற்ற மேகசினைச் சந்தேகத்துக்குரிய துப்பாக்கியிலும் இட்டுப் பார். தோஷம் மேகசினோடு செல்கிறதா, துப்பாக்கியோடு தங்குகிறதா என்பது ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் வெளிப்பட்டுவிடும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்று; இரண்டை மாற்றிக் குறை தீர்ந்துவிட்டால், தீர்த்தது எது என்பதை நீ ஒருநாளும் அறியமாட்டாய்.

அடுத்தது குண்டு. ஆறு மில்லிமீட்டர் என்று பெயர் பெற்ற குண்டு நல்ல தயாரிப்பில் 5.95 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். பொட்டலத்திலிருந்து சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் பல திசைகளில் மைக்ரோமீட்டரால் அள. வார்ப்பின் தழும்போ உருண்டையின் கோணலோ தென்பட்டால் பொட்டலம் முழுவதையும் ஒதுக்கிவிடு. மக்கும் தன்மையுள்ள குண்டுகளை நமது மழைக்காலத்து ஈரத்தில் திறந்து வைத்தால் அவை கெடும் என்பதையும், தரையிலிருந்து பொறுக்கிய குண்டுகள் இவ்வூர்ப் புறத்தின் செம்மண் தூசியைக் குழல்வரை கொண்டு செல்லும் என்பதையும் உன்னிடம் வருவோருக்குச் சொல்.

பிறகு மேகசினின் உள்ளே பார். மிட்-காப் எனப்படும் வகையில் நீண்ட ஒரே ஸ்பிரிங் வளைந்த கால்வாயின் வழியே குண்டுகளைத் தள்ளுகிறது. அதில் ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் நடுவழியில் தள்ளுகை குன்றும். ஹை-காப் வகையில் அடியிலுள்ள பற்சக்கரத்தை முறுக்க வேண்டும். முறுக்கின் பலம் தீர்ந்தபின் குண்டு ஏறாதது பழுதன்று, அது அதன் இயல்பு. மேகசினைக் கழற்றும்போது இரண்டு மூன்று குண்டுகள் உதிர்வதும் அப்படியே. எண்ணெய் விஷயத்தில் கஞ்சனாக இரு: சிலிக்கோன் எண்ணெயை ஒரு துளி துணியில் நனைத்துக் கால்வாயைத் துடைத்தால் போதும், மிகுந்த எண்ணெய் குண்டில் படிந்து ஹாப்-அப் ரப்பருக்கு ஏறி, அதன் பிடிப்பை வழுக்கச் செய்யும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பலப்படுத்த முயலாதே, புதியது வாங்கு. பெங்களூரில் துப்பாக்கி செய்யும் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் நிறுவனம், ஸ்பிரிங் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட ஸ்டம்ப் ஷூலே அண்ட் சோமப்பா குழுமத்திலிருந்து கிளைத்தது என்பதை நினைத்துப் பார். ஸ்பிரிங் செய்வது தனியே ஒரு சாஸ்திரம்.

இனி, நீ கேட்ட பொருத்தத்துக்கு வருகிறேன். டோக்கியோ மருய் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் தன் முதல் மின்சாரத் துப்பாக்கியான ஃபாமாஸை வெளியிட்டது முதல், பிற தயாரிப்பாளர்கள் அதன் அளவுகளைத் தழுவியே வந்திருக்கிறார்கள். அது வழக்கமே, எழுதிக் கையொப்பமிட்ட தரமன்று. நேட்டோ நாடுகளின் நிஜ மேகசினுக்கென 1980ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட ஸ்டானாக் 4179 என்ற அளவுத்தரமே முறைப்படி ஏற்கப்படாமல் போயிற்று என்றால், விளையாட்டுச் சாதனத்தில் ஒருவரது மேகசின் இன்னொருவரது கூட்டில் ஆடுவதும் இறுகுவதும் வியப்பில்லை.

மேகசின் ஆடுகிறதென்றால், அதைக் கையால் மேலே அழுத்திக்கொண்டு சுட்டுப் பார். குண்டு ஏறினால் குறை உயரத்தில். முன்னே அல்லது பின்னே அழுத்தும்போது ஏறினால் குறை பக்கவெளியில். பக்கவெளியை மேகசினின் மேனியில் மெல்லிய டேப்பை ஒவ்வொரு சுற்றாக ஒட்டி நிரப்பு. உயரத்துக்கு, மேகசின் பிடியின் பல் தாங்கும் துளையின் மேல்விளிம்பில் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டினால் மேகசின் அந்த அளவு உயர்ந்து நிற்கும். ஃபீலர் கேஜ் என்னும் இடைவெளி அளக்கும் தகடுகளால் வெளியை அளந்துகொண்டு தகட்டைத் தேர்ந்தெடு. இறுகுகிறதென்றால், மேனியில் பிரஷ்யன் புளூ என்னும் நீலச் சாயத்தை மெல்லப் பூசி ஒரு முறை செருகி எடு. நிறம் அழிந்த இடமே உரசும் இடம். பெரும்பாலும் அது வார்ப்பின் விளிம்பாகவோ தடித்த வர்ணமாகவோ இருக்கும். அங்கே மட்டும் நயமான உப்புத்தாளால் தேய், மறுபடி பூசு, மறுபடி செருகு. தேய்ப்பது எப்போதும் துப்பாக்கியைவிட விலை குறைந்த மேகசினையாகவே இருக்கட்டும். துப்பாக்கியின் கூட்டைத் தொடாதே. கூட்டைத் தேய்த்தால், இதுவரை நன்றாகப் பொருந்திய மற்ற மேகசின்கள் அனைத்தும் ஆடத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகு குறை நீடித்தால்தான் ஹாப்-அப் அறை தன் இடத்தில் உறுதியாக நிற்கிறதா, நாசிலின் நீளம் சரியா, அதைப் பின்னிழுக்கும் டாப்பெட் தகடும் அதன் ஸ்பிரிங்கும் நலமா என்று துப்பாக்கியின் உள்ளே நுழைய உனக்கு நியாயம் உண்டு.

தம்பி, நீ வாழும் ஊர் அளவை மதித்து வளர்ந்த ஊர். 1953ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹெச்.எம்.டி. இங்கேதான் நாட்டுக்கு யந்திரங்களைச் செய்யும் யந்திரங்களை வார்த்தது. 1961ஆம் ஆண்டு முதல் அதன் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாயின. அத்தொழிற்கூடங்களின் ஒழுக்கம் விளையாட்டுச் சாதனத்தைச் செப்பனிடும் உன் சிறு மேசைக்கும் பொருந்தும். ஆகையால் உன்னிடம் ஒன்றை வேண்டிக் கேட்கிறேன்: ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள், எந்தத் தயாரிப்பின் மேகசின் எந்தத் துப்பாக்கியில் எவ்வளவு ஆடியது, எத்தனை சுற்று டேப்பில் நின்றது, எந்தத் தகட்டில் உயர்ந்தது என்பதையெல்லாம் மில்லிமீட்டரில் குறித்துவை. எழுதப்பட்ட தரம் இல்லாத தொழிலில் அந்தக் குறிப்பே தரமாகும். அதை உனக்குள் மறைத்துக்கொள்ளாமல், உன்னைப்போல் இவ்வேலையைத் தொடங்கும் மற்றவர்களுக்கும் மனமுவந்து கொடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்தவன்